பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு ஜிஆர்இ மதிப்பெண் எவ்வளவு முக்கியம்?

அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட் (பி.ஏ., மருத்துவர்களோடு சேர்ந்து நோயாளிகளுக்குச் சிகிச்சை தருபவர்) ஆவதற்கான முதுகலைப் படிப்புக்கு உரிய பொது விண்ணப்பத் தளமான காஸ்பா ஏப்ரல் கடைசியில் திறக்கும். அதையொட்டி வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் முதுகலை நுழைவுத் தேர்வான ஜிஆர்இ பற்றித்தான். அவற்றில் சில இங்கே.

மகள் நியூஜெர்சியில் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இந்தக் கோடை முழுக்க ஜிஆர்இ கோச்சிங்கில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவளோ மருத்துவமனை வேலைக்குப் போகிறேன் என்கிறாள். எது நல்லது?

அவள் சொல்வதுதான் சரி, அம்மா. வேலைக்கு அனுப்புங்கள். நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்ட பி.ஏ. கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பல இப்போது ஜிஆர்இ கேட்பதே இல்லை. கேட்கும் இடங்களிலும் பெரும்பாலும் அது ஒரு வடிகட்டிதான்: குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டீர்களா என்று பார்த்துவிட்டு, அடுத்து அறிவியல் பாட ஜிபிஏ (ஏ-க்கு 4, சி-க்கு 2 என்று போடும் மதிப்பெண் சராசரி), நோயாளிகளோடு நேரடியாக வேலை செய்த மணிநேரம், பரிந்துரைக் கடிதம் என்று போய்விடுவார்கள்.

நோயாளிப் பராமரிப்பு அனுபவமாக 500, 1000, சில இடங்களில் 2000 மணிநேரம் வரை எதிர்பார்க்கிறார்கள். வாரம் 40 மணி வீதம் 12 வாரம் வேலை பார்த்தால் 480 மணி சேரும். ஒரு கோடையை விட்டால் அது போனதுதான். ஆனால் இஎம்டி (ஆம்புலன்ஸ் அவசரச் சிகிச்சைப் பணியாளர்), நர்ஸிங் அசிஸ்டென்ட் போன்ற வேலைகளுக்குச் சான்றிதழ் வேண்டும், அந்தப் பயிற்சியைக் கல்லூரி நடக்கும்போதே முடித்துவிடட்டும். ஜிஆர்இ இப்போது இரண்டு மணிநேரத்துக்கும் குறைவான தேர்வு, 2023 செப்டம்பரில் சுருக்கிவிட்டார்கள். மாலை நேரங்களில் படித்தால் போதும். அதற்கு முன், அவள் விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளில் எவை ஜிஆர்இ கேட்கின்றன என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் செலவும் மிச்சம்.

என் அறிவியல் ஜிபிஏ 3.0. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதலில் சி வாங்கி, திரும்ப எடுத்து ஏ வாங்கினேன். ஜிஆர்இ-யில் 325 எடுத்தால் ஈடுகட்ட முடியுமா?

முடியாது தம்பி. 325 அருமையான மதிப்பெண்தான், ஆனால் அது சொல்வது உங்கள் ஆங்கிலமும் பள்ளிக் கணக்கும் நன்றாக இருக்கின்றன என்பதை மட்டுமே. தேர்வுக் குழுவின் கவலை வேறு. இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் ஓடும் படிப்பில் உடற்கூறியலும் மருந்தியலும் ஒரே பருவத்தில் வந்து விழும். இவர் தாங்குவாரா என்று பார்க்கிறார்கள். அதற்கு விடை உங்கள் அறிவியல் மதிப்பெண்களில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். திரும்ப எடுத்த பாடத்துக்குப் பல கல்லூரிகள் புது மதிப்பெண்ணை மட்டும் கணக்கில் வைக்கும். காஸ்பா அப்படிச் செய்யாது, இரண்டையும் சேர்க்கும். உங்கள் சி-யும் ஏ-யும் சேர்ந்து அங்கே சராசரியாக 3.0 ஆகத்தான் நிற்கும். ஆகவே காஸ்பா கணக்கில் உங்கள் ஜிபிஏ என்ன என்று முதலில் போட்டுப் பாருங்கள். 60 கிரெடிட்டில் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 3.0 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோபயாலஜி, ஜெனடிக்ஸ், பயோகெமிஸ்ட்ரி போன்ற பாடங்களில் இன்னும் 20 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் 3.25 ஆகும். ஏற்றம் சின்னதுதான், ஆனால் கடைசி 20 கிரெடிட்டும் ஏ என்பது குழுவின் கண்ணில் படும். ஜிஆர்இ-க்கு ஆறு மாதம் செலவழிப்பதைவிட அந்த ஆறு மாதத்தை இதில் போடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஜிஆர்இ-யில் வெர்பல் (ஆங்கிலம்) 155, குவான்ட் (கணக்கு) 155. மொத்தம் 310. திரும்ப எழுதலாமா?

கல்லூரி 300 என்று மொத்த மதிப்பெண் கேட்டால் தேவையில்லை. ஆனால் சில கல்லூரிகள் ஒவ்வொரு பகுதியிலும் 50-வது பெர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் பாதிப்பேரைத் தாண்டிய மதிப்பெண், கேட்கும். அங்கே கதை வேறு. பொறியியல் பக்கம் போகிறவர்கள் ஏராளமாக எழுதுவதால் குவான்ட் சராசரி உயர்ந்து நிற்கிறது. அதே 155 வெர்பலில் பாதிப்பேருக்கு மேலே, குவான்ட்டில் பாதிப்பேருக்குக் கீழே. அப்படிப்பட்ட கல்லூரி உங்கள் பட்டியலில் இருந்தால் மட்டும் எழுதுங்கள். 21 நாள் இடைவெளி விட வேண்டும்.

பிஏ-கேட், கேஸ்பர் இவையும் எழுத வேண்டுமா?

கேட்கும் கல்லூரிக்கு மட்டும். பிஏ-கேட் அறிவியல் பாடத் தேர்வு. கேஸ்பர், சிக்கலான சூழலில் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று பார்ப்பது. அதற்குப் பாடம் படிக்க எதுவும் இல்லை, நேரத்துக்குள் டைப் செய்யப் பழகுங்கள்.

கோவையில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் முடித்திருக்கிறேன். நல்ல ஜிஆர்இ மதிப்பெண் இருந்தால் அமெரிக்காவில் வேலைக்கு முயலலாமா?

மதிப்பெண் மட்டும் போதாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஏஆர்சி-பிஏ என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பி.ஏ. படிப்பை முடித்து, பான்ஸ் என்ற தேசியச் சான்றிதழ்த் தேர்வில் தேறி, மாநில உரிமம் வாங்கினால்தான் அங்கே பி.ஏ.வாக வேலை செய்யலாம். எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கும் இதே விதிதான். ஆக, நீங்கள் அங்கே மறுபடி படிக்க வேண்டும். பல கல்லூரிகள் முன்தேவைப் பாடங்களை அமெரிக்கக் கல்லூரியிலேயே படித்திருக்கச் சொல்லும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சில கல்லூரிகள் எடுப்பதே இல்லை. அரசுக் கல்விக்கடனும் ஸ்டூடன்ட் விசாவில் கிடைக்காது. தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சல் எழுதி இந்த மூன்றையும் கேளுங்கள்: வெளிநாட்டுப் பட்டம், முன்தேவைப் பாடம், விசா.

ஜிஆர்இ மதிப்பெண்ணை அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. காஸ்பாவில் வரவே இல்லை. என்ன செய்ய?

பெரும்பாலும் கோட் (மதிப்பெண் எங்கே போக வேண்டும் என்று குறிக்கும் எண்) மாறியிருக்கும். பல்கலைக்கழகத்துக்கு ஒரு கோட், அதே பல்கலைக்கழகத்தின் பி.ஏ. படிப்புக்குக் காஸ்பா வழியாக அனுப்ப இன்னொரு கோட். முதலாவதுக்கு அனுப்பினால் மதிப்பெண் காஸ்பாவுக்கு வராது. சரியான கோடைப் பார்த்து உடனே மறுபடி அனுப்புங்கள். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர நேர்காணலுக்குக் கூப்பிட்டு இடத்தை நிரப்பிக்கொண்டே போவதால், கடைசித் தேதி இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம்.