ஜிம்முக்கு எந்த மென்பொருள்? கேள்விகளும் பதில்களும்

விளாங்குடியில் 11 ஆண்டுகளாகச் சொந்தமாக ஜிம் நடத்துகிறேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் கணக்கு மென்பொருள் விற்கும் இடத்தில் வேலை பார்த்தேன். இதுவரை மூன்று ஜிம் மென்பொருள்களை வாங்கி, இரண்டைக் கைவிட்டிருக்கிறேன். மதுரை வட்டாரத்தில் ஜிம் நடத்துபவர்கள் கேட்டிருப்பவற்றுக்கு அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். பயிற்சி முறை, உணவு முறை பற்றி இன்று பேசப்போவதில்லை.

ஒத்தக்கடை: ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. 180 பேர், மாதச் சந்தா 800 ரூபாய். இரண்டு நிறுவனங்கள் டெமோ காட்டின. இரண்டுமே நன்றாக இருந்தன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

டெமோ நன்றாகத்தான் இருக்கும். அவர்கள் தயாரித்து வைத்திருக்கும் பட்டியலில் எல்லாரும் முதல் தேதியில் முழுப் பணம் கட்டுபவர்கள். உங்கள் நோட்டில் இருப்பவர்கள் அப்படி இல்லை. ஆகவே நோட்டைப் புரட்டி, கணக்கில் சிக்கல் தரும் ஐந்தாறு பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களை உங்கள் கண்முன்னே மென்பொருளில் ஏற்றச் சொல்லுங்கள்.

முதலில், 5ஆம் தேதி சந்தா முடிந்து 19ஆம் தேதி பணம் கட்டியவர். புது மாதம் எப்போது தொடங்குகிறது? 19 என்றால், இடையில் அவர் வந்து பயிற்சி செய்த பதினான்கு நாட்களும் இலவசம். 5 என்றால், உண்மையிலேயே வெளியூர் போயிருந்தவர் சண்டைக்கு வருவார். ஆளுக்கேற்ப நீங்கள் முடிவு செய்ய வழி இருக்க வேண்டும், யார் முடிவு செய்தார் என்பதும் பதிவாக வேண்டும்.

அடுத்து, மாதம் என்பது 30 நாளா, அடுத்த மாதத்தின் அதே தேதியா? 30 நாள் என்று கணக்கிட்டால், பன்னிரண்டு முறை கட்டியவருக்கு 360 நாள்தான் கிடைக்கிறது. மீதி ஐந்து நாளை உறுப்பினர் ஒருவர் எண்ணிப் பார்த்துக் கேட்கும் நாள் நிச்சயம் வரும். ஜனவரி 31இல் சேர்ந்தவருக்குப் பிப்ரவரியில் எந்தத் தேதி காட்டுகிறது என்பதையும் பாருங்கள்.

நம் ஊரில் கார்த்திகை பிறந்தால் பத்துப் பேராவது ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வாடிவாசலில் நின்று தோளிலோ தொடையிலோ அடிபட்டு வருபவர்கள் உண்டு. 41 நாள், 17 நாள் என்று எந்த எண்ணிக்கையிலும் சந்தாவை நிறுத்திவைக்க முடிய வேண்டும். நான் கைவிட்ட முதல் மென்பொருளில் முழு மாதமாக மட்டுமே முடியும். ஒவ்வொரு கார்த்திகையிலும் கையால் தேதி திருத்தியே ஓய்ந்துபோனேன்.

800இல் 500 கட்டி 300 பாக்கி வைத்தவரையும் ஏற்றிப் பாருங்கள். சில மென்பொருள்கள் அவரைக் கட்டியவர் கணக்கில் சேர்த்துவிடும், பாக்கி கண்ணிலேயே படாது. ஒரே செல்போன் எண்ணைக் கொடுத்த அண்ணன் தம்பி இருவரையும் ஏற்றுங்கள். எண்ணையே அடையாளமாக வைத்திருக்கும் மென்பொருள் தம்பியை ஏற்க மறுக்கும். குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்பதும் நமக்குத் தொல்லை. இனிஷியலை முன்னால் போட்டு எழுதுபவர்கள் நாம். என் ஜிம்மில் கார்த்திக் மட்டும் ஒன்பது பேர், இனிஷியல் இல்லாவிட்டால் யார் பாக்கியை யாரிடம் கேட்பது?

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. உறுப்பினர் பட்டியல், பணம் கட்டிய வரலாறு, வருகைப் பதிவு மூன்றையும் எக்செல் கோப்பாக நீங்களே, யாரையும் கேட்காமல், அன்றன்றைக்கு எடுக்க முடிகிறதா? இதை டெமோவிலேயே செய்யச் சொல்லி, கோப்பைத் திறந்து பாருங்கள். எனது இரண்டாவது மென்பொருளை விற்றவர்கள் ஒருநாள் தொழிலை மூடிவிட்டார்கள். என் கைக்கு வந்தது அச்செடுக்க மட்டும் உதவும் பக்கங்கள். 640 பேரின் விவரத்தை நானும் என் மனைவியும் ஒன்பது இரவுகள் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம்.

மேலூர்: உங்கள் கருத்தில் மிகச் சிறந்த மென்பொருள் எது? ஒரு பெயர் மட்டும் போதும்.

பெயர் சொல்ல மாட்டேன். 60 பேருக்குக் குறைவு என்றால் எக்செல்லே போதும். அதற்கு மேல் என்றால் ஒத்தக்கடைக்குச் சொன்ன சோதனையைச் செய்யுங்கள், பெயர் தானாகவே கிடைக்கும்.

கே.கே. நகர், பெண்களுக்கான ஜிம்: உறுப்பினர்களின் படம், எண், உடல் அளவுகள் எல்லாம் மென்பொருளில் ஏறுகின்றன. யார் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

சகோதரி, எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. உங்கள் வரவேற்பு மேசையில் இருப்பவருக்குப் பெயரும் சந்தா முடியும் தேதியும் தெரிந்தால் போதும். உடல் அளவு பயிற்சியாளருக்கு மட்டும். மொத்தப் பட்டியலையும் கோப்பாக எடுக்கும் அதிகாரம் உங்களுக்கு மட்டும். இப்படி ஆளுக்கு ஒரு நுழைவுச் சொல்லும் தனித்தனி அனுமதியும் இல்லாத மென்பொருளை நீங்கள் தொடவே வேண்டாம். எல்லாரும் ஒரே நுழைவுச் சொல்லைப் பயன்படுத்தும் ஜிம்மில், வேலையை விட்டுப் போகும் ஊழியர் பட்டியலையும் கொண்டுபோய்விடுவார். அடுத்து, விற்பவரிடம் கேளுங்கள்: பழுது பார்க்க உள்ளே வரும் உங்கள் ஆள் என் உறுப்பினர்களின் படத்தைப் பார்க்க முடியுமா? அவர் வந்து போன தடம் எனக்குத் தெரியுமா?

சட்டமும் வந்துவிட்டது. 2023இல் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. தரவு சேகரிப்பவர்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. 18 வயது நிறையாதவரின் விவரத்தைப் பெறப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதம் சரிபார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் இப்போதே படிவத்தை மாற்றிவிடுங்கள். உடல் மாற்றம் காட்டும் முன்-பின் படங்களை மென்பொருளில் ஏற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. அவை உறுப்பினரின் செல்போனிலேயே இருக்கட்டும்.

திருமங்கலம்: 200 பேர், 900 ரூபாய். விற்பவர் ஜி.எஸ்.டி. ரசீது தானாக வரும் என்கிறார். நான் இன்னும் பதிவு செய்யவில்லை. ரசீதில் வரி போடலாமா?

கூடாது. பதிவு இல்லாமல் வரி வசூலிப்பது சட்டப்படி தவறு. ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள்: மாதம் 1,80,000, ஆண்டுக்கு 21,60,000. சேவைத் தொழிலுக்குப் பதிவு வரம்பு 20 லட்சம். புரதப் பொடி விற்றால் அந்தத் தொகையும் இதில் சேரும். எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால் நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. உள்ளீட்டு வரி வரவு கிடையாது, டிரெட்மில் வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்க முடியாது. 900 ரூபாய்க்குள் வரியும் அடங்கும் என்று வைத்தால் 857.14 கட்டணம், 42.86 வரி. மென்பொருளில் வரி விகிதம் தேதிவாரியாக இருக்கிறதா என்று பாருங்கள். விகிதத்தை மாற்றியதும் பழைய ரசீதுகளும் சேர்ந்து மாறும் மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன்.

வில்லாபுரம்: யு.பி.ஐ. ஆட்டோபே வைத்தால் வசூல் தொல்லை தீருமா?

பாதி தீரும். உறுப்பினர் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், அவர் வங்கிக் கணக்கிலிருந்து 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் எண் கேட்காமல் தானாக எடுத்துக்கொள்ளும். 24 மணி நேரம் முன்பே உறுப்பினருக்குத் தகவல் போகும். அவர் தன் செல்போனிலிருந்தே எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். கணக்கில் பணம் இல்லாவிட்டால் எடுக்காது. நீங்கள் சோதிக்க வேண்டியது ஒன்றுதான்: சந்தாவை நிறுத்திவைத்தால் ஆட்டோபேயும் தானாக நிற்கிறதா? இல்லையென்றால், சபரிமலையில் இருப்பவரின் கணக்கிலிருந்து நீங்கள் பணம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

செல்லூர், தேகப்பயிற்சிக் கூடம்: தம்பி, கர்லாக்கட்டையும் இரும்புத் தட்டும் வைத்து நாற்பது ஆண்டுகளாக நடத்துகிறேன். ஒரு சந்தா நோட்டுதான். தறி ஓட்டும் பையன் கூலி கைக்கு வந்ததும் கட்டுவான். கைரேகை வைத்துக் கதவு திறக்காமல் நாலு பேர் முன்னால் அவனை நிறுத்துவது தொழிலா? எனக்கு எதற்குக் கணினி?

மாஸ்டர், கதவு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. நான் அந்தத் தவறைச் செய்தவன். முதலாம் ஆண்டில், காலை ஐந்தரைக்கு வந்த ஒரு பையனுக்குக் கருவி சிவப்பு விளக்குக் காட்டியது. அவன் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டான். முந்தைய இரவே பயிற்சியாளரிடம் பணம் கொடுத்திருக்கிறான், அதைப் பதிவு செய்ய மறந்தது எங்கள் ஆள். நான் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டும் அவன் வரவில்லை.

நோட்டு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. யார் கட்டினார் என்பதை நோட்டு சொல்லும், யார் வருவதை நிறுத்திவிட்டார் என்பதைச் சொல்லாது. உங்களுக்கு அது முகத்தைப் பார்த்தே தெரியும். எனக்கு 400 பேர். திங்கள்தோறும் பத்து நாள் வராதவர்களின் பட்டியலை எடுத்து நானே போன் செய்கிறேன். மென்பொருளுக்கு நான் கொடுக்கும் பணம் அந்த ஒரு பட்டியலுக்காகவே தகும்.

அண்ணா நகர்: மாஸ்டர் சொல்வது அந்தக் காலம். எனக்கு வாடகை மாதம் 70,000. கதவுப் பூட்டு வைத்த பிறகுதான் பாக்கி வசூலானது.

செல்லூர்: பயந்து கட்டியவன் அடுத்த ஆண்டும் இருக்கிறானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அண்ணா நகர் நண்பரே, மாஸ்டரின் கேள்விக்கு உங்கள் மென்பொருளிலேயே விடை இருக்கிறது. பூட்டு வைப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டு நீடித்தார்கள், பிந்தைய ஆறு மாதத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர்? இரண்டையும் எடுத்துப் பாருங்கள். வசூலை மட்டும் பார்த்தால் பூட்டு நல்லதாகவே தெரியும்.

என் ஏற்பாடு இது: சந்தா முடிந்து ஏழு நாள் வரை கதவு திறக்கும், வரவேற்பு மேசைத் திரையில் மட்டும் மஞ்சள் நிறத்தில் பெயர் வரும். அதற்குப் பிறகும் கதவு திறக்கும், நான் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன். இப்படி அமைக்க முடியாத கருவியை வாங்க வேண்டாம். இன்னொன்று, சாயப்பட்டறையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு விரல் நுனி ரேகை தேய்ந்திருக்கும், கருவி எடுக்காது. இரு கையிலும் இரண்டிரண்டு விரலைப் பதியுங்கள், அல்லது அட்டை கொடுங்கள். உழைத்துத் தேய்ந்த விரலுக்காக ஒருவர் வாசலில் நிற்கக் கூடாது.

பழங்காநத்தம்: மூவரும் கதவிலேயே நிற்கிறீர்கள். மின்சாரம் போனால் என் காந்தப் பூட்டு திறந்துகொள்கிறது. பழுதா?

பழுதில்லை. காந்தப் பூட்டு மின்சாரம் இருந்தால்தான் பிடிக்கும். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியேற அதுவே வழி. மாற்றாதீர்கள்.

செல்லூர்: ஏழு நாள் கழித்தும் கதவு திறக்கும் என்றால் பிறகு கருவி எதற்குத் தம்பி?

வருகையைப் பதிய, மாஸ்டர். மேலே சொன்ன திங்கள்கிழமைப் பட்டியல் அதிலிருந்துதான் வருகிறது.

உசிலம்பட்டி: சந்தா முடிவதை எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போகவில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, உங்கள் நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் மூன்றையும் டி.எல்.டி. என்ற, வணிகச் செய்தி அனுப்புவோருக்கான பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிந்த வாசகத்திலிருந்து செய்தி மாறியிருந்தாலும் தடுக்கப்படும்.

அலங்காநல்லூர்: எந்த மென்பொருள் நல்லது என்று ஒரு பெயர் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேலூருக்குச் சொன்னதே பதில். தயவுசெய்து மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

திருப்பரங்குன்றம்: டிரெட்மில் ஓடும்போது கணினி அணைந்துவிடுகிறது. மென்பொருள் கோளாறா?

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அவனியாபுரம்: மூன்று ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் 40 சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள். இன்றே கட்டினால்தானாம்.

கட்டாதீர்கள். இன்றே என்று அவசரப்படுத்துபவரிடம் நாளைக்கு உதவி கேட்டால் கிடைக்காது. மாதாமாதம் கட்டுங்கள், அல்லது ஓராண்டு. ஒன்பது இரவுக் கதையைச் சொல்லிவிட்டேன். அன்று எனக்கு இன்னும் 14 மாதப் பணம் அவர்களிடம் பாக்கி இருந்தது, திரும்பி வரவில்லை. பட்டியலை எக்செல்லில் எடுக்க முடிகிறதா என்று சோதித்துவிட்டீர்களா?

எல்லீஸ் நகர்: சிறந்தது எது?

இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

திருநகர்: நோட்டிலிருந்து மென்பொருளுக்கு மாறுகிறேன். ஐந்து ஆண்டு நோட்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஏற்றவேண்டுமா?

வேண்டாம். இப்போது சந்தா ஓடிக்கொண்டிருப்பவர்களையும், கடைசி மூன்று மாதத்தில் நின்றுபோனவர்களையும் மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், இனிஷியல், எண், சந்தா முடியும் தேதி, பாக்கி இவை போதும். முதல் தேதியில் தொடங்குங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் வேண்டாம், ஊழியர் பாதிப் பேர் வர மாட்டார்கள். இரண்டு மாதம் நோட்டும் மென்பொருளும் சேர்ந்தே ஓடட்டும், இரவு மூடும்போது இரண்டின் வசூல் தொகையும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். ஒத்துப்போகாத நாளில் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். பழைய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம், அவற்றிலும் உறுப்பினர்களின் எண்கள் இருக்கின்றன.