டர்போ எஞ்சினில் மிகையான பூஸ்ட் அழுத்தம்: கேள்வி பதில்

கேள்வி: வேஸ்ட்கேட், புளோ-ஆஃப் வால்வு இரண்டும் அழுத்தத்தைக் குறைப்பவைதானே? ஒரே வேலைக்கு இரண்டு எதற்கு ஐயா?

பதில்: வேலை ஒன்றல்ல. டர்போவில், எரிந்த வாயு டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற, அதனுடன் சேர்ந்து சுழலும் கம்ப்ரஸர் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும்; அந்த அழுத்தமே பூஸ்ட். வேஸ்ட்கேட் இருப்பது எக்ஸாஸ்ட் பக்கத்தில். எரிந்த வாயுவில் ஒரு பகுதியை டர்பைன் சக்கரத்தின் மீது படவிடாமல் நேரே புகைக்குழாய்க்கு அனுப்பிவிடுவதால் சக்கரத்தின் வேகம் கட்டுப்படுகிறது; பூஸ்ட் குறித்த அளவைத் தாண்டுவதில்லை. 1962-இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. புளோ-ஆஃப் வால்வு இருப்பதோ கம்ப்ரஸருக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவான திராட்டிலுக்கும் நடுவில். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் திராட்டில் மூடிக்கொள்ளும். ஆனால் நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடிய கம்ப்ரஸர் அந்தக் கணமே நின்றுவிடாது. போக வழியில்லாத காற்று திரும்பிவந்து அதன் சக்கரத்தின் மீதே மோதும். சர்ஜ் எனப்படும் இந்த மோதலைத் தவிர்க்கவே, இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று சிலிண்டர்களுக்குப் பிரிந்துபோகும் குழாயில்) உண்டாகும் வெற்றிடம் அந்த வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றுகிறது.

கேள்வி: மேடு ஏறும்போது இழுவை திடீரெனக் குறைந்து எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஸ்கேன் செய்ததில் பி0234 என்று வந்தது. பெட்ரோல் கார். டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: தயவுசெய்து இப்போதே மாற்றாதீர்கள். பி0234 என்பது பூஸ்ட் அளவுக்கு மீறியதைக் குறிக்கும். எஞ்சினைக் காப்பாற்றவே அதன் கணினியான இசியூ இழுவையைக் குறைக்கிறது. ஆனால் பூஸ்ட் ஏன் மீறியது என்பதை அந்தக் குறியீடு சொல்லாது. வேஸ்ட்கேட்டைத் திறந்து மூடும் கருவியான ஆக்சுவேட்டர் அழுத்தத்தால் இயங்குவது என்றால், கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ரப்பர் ஹோஸ் வழியாகப் பூஸ்ட் அழுத்தம் அதனுள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வைத் தள்ள, ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறித் தண்டு நகர்ந்து வேஸ்ட்கேட்டைத் திறக்க வேண்டும். ஹோஸ் வெடித்திருந்தால் அழுத்தம் ஆக்சுவேட்டருக்குப் போய்ச் சேராது. கேட் மூடியே கிடக்கும், பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும்.

இதே புகாருடன் வந்த ஒரு காரில், ஹோஸ் மேலுக்கு நன்றாகவே இருந்தது. முனையைக் கழற்றி விரலால் வளைத்துப் பார்த்தபோதுதான், அடிப்பக்கத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. புது ஹோஸ் மாட்டியதும் கோளாறு தீர்ந்தது. உங்கள் காரிலும் எஞ்சின் ஆறிய பிறகு இதை முதலில் பாருங்கள். அடுத்து, அழுத்தமானி உள்ள கைப்பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் காற்றடியுங்கள். தண்டு தடையின்றி நகர்ந்து, அழுத்தமானியின் முள் அப்படியே நிற்க வேண்டும். முள் மெல்ல இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அழுத்தம் நின்றும் தண்டு அசையவில்லை என்றால் துருவோ கரியோ இறுக்கியிருக்கிறது. வெற்றிடத்தால் மூடப்படும் ஆக்சுவேட்டர் என்றால் கதை நேர்மாறு: அங்கே ஹோஸ் ஒழுகினால் பூஸ்ட் குறையும், அதைக் குறிக்கும் பி0299 வரும்.

கேள்வி: காற்றை வெளியே விடும் வால்வு பொருத்தினால் காற்று சீறும் ஓசை கேட்கும் என்கிறார்கள். தீங்கு உண்டா?

பதில்: உங்கள் கார், உள்ளே வரும் காற்றின் அளவை மாஃப் சென்சார் என்ற காற்றளவுக் கருவியைக் கொண்டு கணக்கிட்டால் பொருத்த வேண்டாம். அளந்து முடித்த காற்றை நீங்கள் வெளியே விட்டுவிடுவீர்கள். இசியூவோ அது உள்ளே போனதாகவே எண்ணி எரிபொருளைப் பீய்ச்சும். கியர் மாற்றும்போதெல்லாம் கலவை செறிவாகி, எஞ்சின் தடுமாறும். அதனால்தான் பல கார்களில் அந்தக் காற்றைக் கம்ப்ரஸரின் வாய்க்கே திருப்பி அனுப்புகிறார்கள். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பும் கார்களில் இந்தத் தொல்லை பெரிதாக இராது.

கேள்வி: டீசல் காருக்குப் புளோ-ஆஃப் வால்வு வேண்டுமா?

பதில்: பொதுவாக வேண்டியதில்லை. டீசல் எஞ்சினின் வேகத்தைப் பெட்ரோல் எஞ்சின்போல் திராட்டிலை மூடிக் குறைப்பதில்லை; அதனால் காற்று முட்டித் திரும்புவதில்லை.

கேள்வி: அகலமான எக்ஸாஸ்ட் குழாய் போட்ட பிறகு, ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்டும் ஏறுகிறது. ஆக்சுவேட்டர் சரியாகவே இருக்கிறது. பூஸ்ட் கன்ட்ரோலரைக் கொண்டு குறைக்கலாமா?

பதில்: முடியாது. கன்ட்ரோலர் ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துப் பூஸ்டைக் கூட்டத்தான் உதவும். ஸ்பிரிங் நிர்ணயிக்கும் அளவுக்குக் கீழே அதனால் இறக்க இயலாது. உங்கள் காரில் கேட் முழுதாகத் திறந்தும், அந்தத் துவாரம் இப்போது வரும் வாயுவுக்குப் போதவில்லை. துவாரத்தை அகலப்படுத்துங்கள், அல்லது பெரிய வெளி வேஸ்ட்கேட் பொருத்துங்கள். அதுவரை முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டாதீர்கள். கலவை கட்டுப்பாடின்றித் தானாகவே வெடிக்கும் நாக்கிங் தொடங்கிவிட்டால் பிஸ்டன் உடைய அதிக நேரம் ஆகாது.