நெல்லைக் குரலில் வாசிக்கலாமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். பழைய நாவல்களை வாசித்துப் பதிவுசெய்து, இலவச ஒலிநூலாகக் கொடுக்க ஆசை. தன்னார்வலர்கள் பழைய புத்தகங்களை வாசித்து இலவசமாகப் போடுகிற லிப்ரிவாக்ஸ் இணையதளம் பற்றி மகள் சொன்னாள். மாதவையா, புதுமைப்பித்தன் என்று தொடங்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் என் பேச்சில் திருநெல்வேலி வாடை அடிக்கும். பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் கொடுக்கவும் வராது. வீடு வேறு பஸ் போகிற ரோட்டில். சரிப்படுமா?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள டீச்சருக்கு,

தாராளமாகச் சரிப்படும். 2005-இல் ஹ்யூ மெக்குவைர் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் குரலுக்கு யாரும் மார்க் போடுவதில்லை. ஒரு நிமிடச் சோதனைப் பதிவு கேட்பார்கள்; அதுவும் இரைச்சலையும் ஒலி அளவையும் பார்க்கத்தான். வரி ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று இன்னொரு தன்னார்வலர் கேட்டுப் பார்ப்பார். முடிந்த பதிவில் உங்களுக்கு உரிமை கிடையாது. யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். இதற்கு மனசு ஒப்புகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதவையா பெருங்குளத்துக்காரர், 1925-இல் காலமானவர். ‘பத்மாவதி சரித்திரம்’ 1898-இல் வந்தது. பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. புதுமைப்பித்தன்தான் வம்பு. அவர் இறந்தது 1948-இல். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, ஆக 2008-உடன் உரிமை முடிந்தது. ஆனால் லிப்ரிவாக்ஸ் அமெரிக்கச் சட்டத்தைப் பார்க்கும். அங்கே இந்த மாதிரிப் பழைய எழுத்துக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95. அவரோ 1930-களில் எழுதியவர். நம்ம ஊர்க்காரரை நாம் வாசிக்க அமெரிக்கக் கணக்கு குறுக்கே நிற்பது கூத்துதான். அவரைத் தனியாகப் பதிவுசெய்து இங்கேயே கொடுங்கள். எந்தப் புத்தகமானாலும் புதுப் பதிப்பின் முன்னுரையையும் அடிக்குறிப்பையும் தொடாதீர்கள், அவை பதிப்பாசிரியருடையவை.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். நடிக்க வேண்டாம். மூன்றாம் அத்தியாயம் வருவதற்குள் யாருக்கு எந்தக் குரல் கொடுத்தோம் என்பது நமக்கே மறந்துபோகும். பேச்சு மாறும் இடத்தில் சின்ன இடைவெளி விட்டால் கேட்பவர் பிடித்துக்கொள்வார். அந்தக் காலத்து உரைநடையில் வாக்கியம் முடியவே முடியாது; எங்கே மூச்சு வாங்குவது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு உட்காருங்கள். நெல்லை ராகம் அப்படியே இருக்கட்டும், மாதவையாவுக்கு வேறு எந்த ஊர்க் குரல் பொருந்தும்? ழகரத்தை மட்டும் கவனியுங்கள். நம் பக்கம் பழம் பளமாகிவிடும். புத்தகத்தைப் பார்க்காமல் கேட்பவருக்கு ‘வாழ்’ எது, ‘வாள்’ எது?

பஸ்ஸுக்கு விடிகாலைதான் வழி. ஃபேனை நிறுத்திவிட்டு, மெத்தையும் போர்வையும் உள்ள உள்ளறையில் உட்காருங்கள். மார்கழியில் அதுவும் நடக்காது, கோயில் ஸ்பீக்கர் முந்திக்கொள்ளும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் பகரம் வருகிற இடமெல்லாம் காற்று மோதும். பிசகினால் நிறுத்த வேண்டாம். ஒரு தடவை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். அப்புறம் ஒலியை அலைக்கோடாகக் காட்டி வெட்டி ஒட்ட உதவும் ஆடாசிட்டி மென்பொருளில் திறந்தால் கைதட்டிய இடம் கூராக நீட்டிக்கொண்டு தெரியும். அங்கே வெட்டலாம். பாதி வாக்கியத்தில் ஒட்டுப்போட்டால் காது கண்டுபிடித்துவிடும்.

உங்கள் ஊரிலேயே பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. முதல் அத்தியாயத்தை அங்கே போட்டுக் காட்டி அபிப்பிராயம் கேளுங்கள். பார்வையில்லாதவர்கள் பலர் ஒலிநூலை வேகம் கூட்டிவைத்துக் கேட்பவர்கள். உணர்ச்சி காட்டி இழுத்து வாசித்தால் முதலில் எரிச்சல்படுவதும் அவர்கள்தான்.