ஹட்டனிலிருந்து கிளிநொச்சிக்குக் குடிபோகலாமா? பாதகங்கள் என்னென்ன?

கேள்வியின் சுருக்கம் இது: மலையகத்து ஹட்டனில் வாடகை வீட்டில் இருக்கும் நாலு பேர் கொண்ட குடும்பம். ஒருவருக்குக் கிளிநொச்சியில் வேலை கிடைத்திருக்கிறது. பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் உறவினர் இருக்கிறார்கள். கையிலுள்ள காசுக்கு அங்கே காணியோடு வீடு வாங்கிவிடலாமா, பிள்ளைகள் அந்த வெயிலைத் தாங்குவார்களா?

வெயிலைத் தாங்கலாம். கிளிநொச்சி அடங்கும் வன்னியில் ஒரு குடும்பத்தைக் களைக்க வைப்பவை தண்ணீரும் தூரமும். அதற்கடுத்தது காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். ஆனாலும் கேட்டது வெயிலைப் பற்றி என்பதால் அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பகலில் 33 முதல் 36 பாகை செல்சியஸ் வரை போவது சாதாரணம். ஜூனில் சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அது வறண்ட காற்று, கிறவல் வீதிப் புழுதியையும் சேர்த்துக்கொண்டு வரும். மார்கழியிலும் தையிலும் இரவில் 22 பாகையளவுக்கு இறங்கும், போர்வை தேவைப்படும். முதல் இரண்டு மூன்று வாரம் பிள்ளைகளுக்கு வேர்க்குரு போடும், பசி குறையும், பிறகு உடம்பு பழகிவிடும். பகல் வெயிலைவிட வீட்டுக்குள் நிற்கும் இரவுச் சூடுதான் தொல்லை. மேற்குப் பார்த்த நாலங்குலச் சீமெந்துக் கல் சுவர் பின்னேரம் முழுக்க வாங்கிய சூட்டை இரவு பத்து, பதினொரு மணி வரை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். அந்த அறையைப் படுக்கையறையாக வைத்தால் மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுழற்றும். வீடு பார்க்கப் போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "நல்ல குளிர்ச்சியான வீடு" என்று திரும்பிவிடுகிறார்கள். பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள், மேற்குச் சுவரில் உள்பக்கம் கை வையுங்கள். ஓட்டுக் கூரை நல்லது. சீற் கூரையென்றால் கீழே சீலிங்கும், முகட்டுச் சுவரில் சூடு வெளியேற ஓட்டைகளும் இருக்கவேண்டும். மேலே ஒன்றுமில்லாத மொட்டை கொங்கிறீற் தட்டு இரவில் எல்லாவற்றையும்விட மோசம். மேற்கில் ஒரு பத்தி (சாய்ப்புக் கூரை) இறக்குவதும், ஒரு வேம்பு வளர்ப்பதும் ஏசியைவிட மலிவு.

ஏசி பற்றி ஒரு கணக்கு. 12,000 பி.ரி.யூ. (BTU) குளிரூட்டும் அளவு கொண்ட சாதாரண ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு அலகு மின்சாரம் எடுக்கும். இரவில் எட்டு மணி நேரம் என்றால் மாதம் 240 அலகு. இன்வேர்ட்டர் வகையில் அது ஏறத்தாழ 130, 150க்கு இறங்கும். நம் நாட்டின் வீட்டுப் பாவனை மின்கட்டணத்தில் 180 அலகைத் தாண்டினால் அதிகூடிய விலைப் படிக்குள் போய்விடுவீர்கள், மற்ற மின்பாவனையையும் இதோடு கூட்டிப் பாருங்கள். கூரைக்குச் செலவழிக்காமல் ஏசிக்குச் செலவழிப்பவர்கள் அந்தக் காசை மாதாமாதம் கட்டுகிறார்கள்.

இனித் தண்ணீர். ஹட்டனில் குழாயைத் திறந்தால் மென்மையான தண்ணீர் வரும். தண்ணீரைப் பற்றி நினைத்தே பார்த்திருக்கமாட்டீர்கள். கிளிநொச்சியில் நீர் வழங்கல் சபையின் குழாய் எல்லா வீதிகளுக்கும் வரவில்லை. உள்ளே போகப் போகக் கிணறுதான். ஒரே ஊரில் ஒரு வளவுக் கிணறு இனிக்கும், நாலு வளவு தள்ளியுள்ள கிணறு சவர்க்கும். பரந்தனுக்கு வடக்கேயோ பூநகரிப் பக்கமோ போனால் உப்பு கூடிக்கொண்டே போகும். மேட்டுக்காணிகளில் சுண்ணாம்புக் கடினமும் புளோரைட்டும் சிக்கல். இலங்கைக் குடிநீர்த் தரப்படி புளோரைட் லீற்றருக்கு 1.0 மில்லிகிராமையும், மொத்தக் கடினத்தன்மை 250 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. கேத்திலுக்குள் ஒரே வாரத்தில் வெள்ளைப் படை பிடித்தால் கடினம் அதிகம். புளோரைட் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது, கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அது செறிந்துதான் நிற்கும். ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், இதைக் குடித்த பிள்ளைகளுக்குப் பின்னர் பல்லில் கறையாகத் தெரியவரும். ஆகவே முற்பணம் கொடுக்கமுன் சுத்தமான போத்தலில் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுத்துப் புளோரைட், கடினம், குளோரைட், நைத்திரேற்று, ஈ-கோலை கிருமி ஐந்தையும் பாருங்கள். கிருமிப் பரிசோதனைக்குரிய போத்தலை ஆய்வுகூடமே கிருமிநீக்கித் தரும், அதைத்தான் பயன்படுத்தவேண்டும். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால் இதைக் கஞ்சத்தனமாகப் பார்க்க வேண்டாம்.

தண்ணீர் கடினமென்றால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. தண்ணீர் (நுண்சவ்வால் வடித்தது) வேண்டும். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 20 லீற்றர், அதாவது ஒரு கேன். வீட்டிலேயே சிறிய ஆர்.ஓ. பூட்டினால் ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லீற்றர் கழிவாகப் போகும். கிணறு வற்றும் காலத்தில் அந்தக் கழிவைச் செடிக்கோ மலசலகூடத்துக்கோ திருப்பிவிடும்படி குழாய் போட்டுக்கொள்ளுங்கள். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் தண்ணீர் வால்வும் ஷவர் தலையும் அடைபடும். தேசிக்காய்ச் சாற்றிலோ வினாகிரியிலோ ஓர் இரவு ஊறவிட்டால் கழன்றுவிடும். கறுப்புத் தாங்கியை வெயிலில் வைத்தால் பகல் பன்னிரண்டு மணிக்குமேல் குளிக்க முடியாது, உடம்பு சுடும்.

கிணற்று மோட்டர் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தரையில் வைக்கும் சாதாரண மோட்டர் ஏறத்தாழ 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. கூடிய குதிரைவலு வாங்கியும் பயனில்லை, ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது வளிமண்டல அழுத்தம், மோட்டர் அல்ல. மார்கழியில் வளவு மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும் கிணறு ஆவணி, புரட்டாதியில் 25 அடிக்குக் கீழே போகலாம். அப்போது மோட்டர் வெறும் காற்றை இழுத்து, சீல் எரிந்து நிற்கும். சிலர் கிணற்றுக்குள் இறக்கித் தட்டுப் போட்டு மோட்டரை வைக்கிறார்கள். ஐப்பசி மழையில் ஒரே இரவில் தண்ணீர் ஏறி அது மூழ்கிவிடும். ஆழம் கூடிய கிணறென்றால் நீர்மூழ்கி மோட்டரே சரி. அதோடு தண்ணீர் வற்றினால் தானாக நிற்கும் மிதவைச் சுவிச்சும் வேண்டும். கிணற்றை ஓகஸ்டில் பாருங்கள். மார்கழியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.

மார்கழியில் பார்க்க வேண்டியது வேறு. கிணற்றுத் தண்ணீர் மேலே வரும்போது மலசலகூடக் குழிக்குள்ளும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, நிலச் சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கவேண்டும். உங்கள் குழியோடு அயல்வீட்டுக் குழியின் தூரத்தையும் அளந்து பாருங்கள். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியது. அந்தப் பக்கம் வீடு பார்த்தால் சுவரில் கறை தேடாதீர்கள், வெள்ளையடித்திருப்பார்கள். அயலவரிடம் "2018இல் எந்த மட்டத்துக்கு வந்தது?" என்று கேட்டு, வீட்டின் நிலமட்டம் அதைவிட இரண்டடியாவது கூட இருக்கிறதா என்று பாருங்கள். வயலை நிரப்பிக் கட்டிய வீடென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியைக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதியில்லாமல் வயலை நிரப்பமுடியாது.

காணி உறுதி. கிளிநொச்சிக் காணிகளில் பெரும்பங்கு 1936இலிருந்து தொடங்கிய குடியேற்றத் திட்டங்களிலும் பின்னர் வந்தவற்றிலும் கொடுக்கப்பட்ட அரச காணி. அவற்றில் ஏராளமானவை இன்னும் அனுமதிப்பத்திரம், அதாவது ஊரில் சொல்லும் பெர்மிற்றில்தான் இருக்கின்றன. பெர்மிற் காணியை உரியவர் நினைத்தபடி விற்கமுடியாது. முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைப்பதாலோ, அற்றோணித் தத்துவம் எழுதுவதாலோ அது உங்களுடையதாகாது. "எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்பது உண்மையாகவே இருக்கலாம், நீதிமன்றத்தில் அது உதவாது. அளிப்புப் பத்திரம் கொடுத்த காணியிலும் கைமாற்றத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர் விட்டுப்போன காணியில் வேறொருவர் வருடக்கணக்காகக் குடியிருக்கும் சிக்கலும் இருக்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய பல குடும்பங்களுக்கு இத்தனை வருடத்துக்குப் பின்னும் சரியான ஆவணம் இல்லை. உங்கள் உறவினரிடமே கேட்டால் விபரமாகச் சொல்வார்கள். உறுதிக் காணியென்றால் முதலில் காணிப் பதிவகத்தில் தேடுதல், பிறகு பிரதேச செயலகம், அதன்பின் நில அளவை. பிரதேச செயலகத்துக்குப் போகாமல் நேரே நொத்தாரிசிடம் போகச் சொல்லும் தரகரை விட்டுவிடுங்கள்.

காட்டோரக் காணியென்றால் கண்ணிவெடி அகற்றிக் கையளித்த இடமா என்று கேட்பது அவசியம். இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்து, 2028ஐ இலக்காக வைத்து வேலை நடக்கிறது. முகமாலைப் பக்கம் பல வருடங்களாக அகற்றினார்கள். சிவப்புத் தடி, மண்டையோட்டுப் பலகை கண்டால் உள்ளே கால் வைக்காதீர்கள். புதிதாகத் துப்புரவாக்கிய வளவில் குப்பையை நிலத்தில் போட்டு எரிக்காதீர்கள், மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடித்த சம்பவங்கள் வன்னியில் உண்டு.

தூரம். கிளிநொச்சி ஒரு சந்தியைச் சுற்றி வளர்ந்த பட்டினம் இல்லை. கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியோடு நீளமாகக் கிடக்கிறது: இரணைமடுச் சந்தி, 155ஆம் கட்டை, டிப்போச் சந்தி, கரடிப்போக்கு, அதற்கப்பால் பரந்தன். வீடுகளோ வீதியிலிருந்து உள்ளே உள்ளே, ஒவ்வொன்றும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவில். ஹட்டனில் நடந்தே முடிக்கும் காரியத்துக்கு இங்கே வாகனம் எடுக்கவேண்டும். வட்டக்கச்சிப் பக்கம் பத்துக் கிலோமீற்றர் உள்ளே வீடு, பிள்ளைகளுக்குப் பட்டினத்தில் பாடசாலை என்று வையுங்கள். காலையில் கொண்டுபோய் விட்டுத் திரும்பி, மதியம் போய் ஏற்றி வந்தால் நாளுக்கு 40 கிலோமீற்றர். மாதம் 22 நாளில் 880. லீற்றருக்கு 40 ஓடும் மோட்டார் சைக்கிளில் 22 லீற்றர் பெற்றோல், ரியூசனைச் சேர்க்காமல். ஆகவே காணி மலிவு என்று உள்ளே போகிறவர்கள் அந்த வித்தியாசத்தைப் பெற்றோல் செட்டில் கொடுத்துத் தீர்க்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் இல்லாமல் ஓடாது. இரவில் ஏ9இல் கவனம்: மழைநாளில் மாடுகள் தார் வீதியில்தான் வந்து படுக்கும், பஸ்களோ வேகம் குறைப்பதில்லை.

பெரிய வைத்தியத்துக்கு மாவட்டப் பொது வைத்தியசாலையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள், அறுபத்தைந்து கிலோமீற்றர் அளவில். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வீட்டுக்கு வழி சொல்லத் தெரிந்திருக்கவேண்டும், உள்வீதிகளுக்குப் பெயர்ப்பலகை இல்லாத இடம் அதிகம். ஊருக்குப் போய்வருவதும் இலேசில்லை. ஏ9 கண்டி வரை போகிறது, அதற்குமேல் ஹட்டனுக்கு மலைப்பாதை. போக ஒரு பகல், வர ஒரு பகல். ரயிலென்றால் பொல்காவலையில் மாறவேண்டும்.

பெரியவர்கள் வன்னிக் காய்ச்சல் என்று பயமுறுத்துவார்கள். மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்துவிட்டது. இப்போது டெங்கு, கார்த்திகை முதல் தை வரை. பாம்புதான் உண்மையான கவலை. கட்டுவிரியன் இரவில் நிலத்தில் பாய்போட்டுப் படுப்பவரைத்தான் கூடுதலாகக் கடிக்கிறது. கடித்த இடம் வீங்காது, நோவும் பெரிதாக இராது, அதனால் விடியும்வரை விட்டுவிடுவார்கள். கட்டிலும், விளிம்பைச் சொருகிய நுளம்புவலையும் போதும். புடையன் கடிக்குக் கட்டுப்போடாமல், வெட்டாமல், அசைக்காமல் நேரே வைத்தியசாலை.

வேலைக்குப் போகாத மற்றவர் கடை போடலாமா என்றால், பட்டினத்தின் காசு வயலோடு ஓடுகிறது. காலபோக (மாரிகால நெல்) அறுவடை முடியும் மாசி, பங்குனியில் வியாபாரம் நடக்கும். விதைப்புச் செலவு முடிந்த ஐப்பசி, கார்த்திகையில் எல்லாரும் கடன் கேட்பார்கள். இரணைமடுவில் தண்ணீர் குறைந்து சிறுபோகம் (கோடைகால நெல்) சுருங்கிய வருடத்தில் அந்த மந்தம் இன்னும் நீளும். நாலு மாத வாடகையை ஒதுக்கி வைக்காமல் தொடங்க வேண்டாம்.

மாறுவதென்றால் புதிய பாடசாலை ஆண்டின் முதலாம் தவணையோடு, தையில் போங்கள். கிணறு நிறைந்திருக்கும், இரவு குளிராக இருக்கும், ஏப்ரல் வெயிலுக்கு முன் உடம்பு பழக மூன்று மாதம் கிடைக்கும். பத்தாம், பதினொராம் வகுப்பில் பிள்ளை இருந்தால் சாதாரண தரம் முடியும்வரை பொறுங்கள். தெரிவுப் பாடங்கள் புதுப் பாடசாலையில் இல்லாமல் போகலாம். வாடகை வீட்டை ஏ9இலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் எடுங்கள், ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு எழுதுங்கள். அந்த வருடத்தில் ஓகஸ்டும் வரும், டிசெம்பரும் வரும். வாங்க நினைக்கும் காணியை இரண்டு மாதத்திலும் போய்ப் பார்த்துவிட்டு முற்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.