மரக்கன்றும் கொட்டேஷனும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஜூன் 5 அன்று வளாகத்தில் மரக்கன்று நடுவோம். இந்த வருடம் நான் தோண்டப்போன இடத்தில் போன வருடத்துக் கன்று குச்சியாகக் காய்ந்து நின்றது. அதைப் பிடுங்கிவிட்டுத்தான் புதியதை நட்டேன். லாபத்துக்காக நடக்கும் நிறுவனம் சுற்றுச்சூழலைக் காக்கும் என்று நம்புவதே தவறோ? தனிமனிதர்கள் திருந்தினால்தான் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தக் குச்சியைப் பற்றிப் படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. ஆனால் அந்தக் கன்று பிழைத்திருந்தாலும் என் பதில் இதுதான்: எதை வாங்குகிறார்கள், எப்படித் தயாரிக்கிறார்கள், எதை வெளியே விடுகிறார்கள் என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் அக்கறை தெரியும்.

டென்மார்க்கில் கலுண்ட்போர்க் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே அனல்மின் நிலையத்துப் புகையிலிருந்த கந்தகத்தைச் சுண்ணாம்பு கொண்டு பிடித்தார்கள். அதில் கிடைத்த ஜிப்சம், பக்கத்திலிருந்த சுவர்ப்பலகை ஆலைக்கு மூலப்பொருளாகப் போனது. மிச்ச நீராவி குழாய் வழியாக எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் போனது. ஒருவர் கழிவு இன்னொருவருக்குச் சரக்கு. 1970களில் தொடங்கி, பக்கத்து ஆலைக்காரர்கள் உட்கார்ந்து பேசிப் பேசி ஒவ்வொன்றாகச் சேர்த்த ஏற்பாடு இது. எல்லாருக்கும் லாபம்தான்.

சரி, எப்போதும் லாபமும் நல்லதும் இப்படி ஒத்துப்போகுமா? போகாது. ஃப்ரிட்ஜைக் குளிர்விக்கப் பயன்பட்ட குளோரோஃப்ளூரோகார்பன் என்ற வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974இல் சொன்னபோது, அதைத் தயாரித்த நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. 1987இல் அந்த வாயுவைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. பிறகு அதே துறையின் பெரிய நிறுவனங்களே மாற்று வாயுக்களைத் தயாரித்து விற்றன. விதி எல்லாருக்கும் ஒன்று என்றானபின், முதலில் மாறுகிறவருக்கு நஷ்டம் வரும் என்ற பயம் போய்விட்டது. தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் எந்த வாயு ஓட வேண்டும் என்று எந்தத் தனிமனிதரால் முடிவு செய்திருக்க முடியும்? அதனால்தான் பாரத்தை முழுக்க நம் தலையில் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி வேறு மாதிரி. அமெரிக்காவில் இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனத்திடம், சுற்றுச்சூழலுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அதன் தலைவர் ரே ஆண்டர்சனிடம் பதில் இல்லை. அது 1994. அந்தத் தேடலில்தான், 2020க்குள் இயற்கைக்குத் தீங்கே செய்யாத நிறுவனமாக வேண்டும் என்ற இலக்குக்கு அவர் வந்து சேர்ந்தார். கேட்டவர்கள் வாங்குகிறவர்கள், அதனால் காதில் விழுந்தது.

நீங்களும் வாங்குகிறவர்தான். அடுத்த கொட்டேஷனில் விலை, தரம், தேதியோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள்: பொருள் எதிலிருந்து வருகிறது, பேக்கிங்கைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அப்புறம், அந்தப் புதுக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரை ஏற்பாடு செய்துவிடுங்கள்.