பொலிவியாவின் லா பாஸில் மலிவான ஹோட்டலில் தங்கினால் சமாளிக்க முடியுமா?

தாராளமாக முடியும், ஆனால் விலையைப் பார்ப்பதற்கு முன் அறை எந்த மாடி என்று கேளுங்கள். நகரத்தின் மையமே சுமார் 3,600 மீட்டர் உயரம், விமானம் இறங்கும் எல் ஆல்ட்டோ 4,000 மீட்டருக்கும் மேல். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே. சகார்னகா தெருப் பக்கம் இருக்கும் பழைய விடுதிகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, பெட்டியோடு நாலாவது மாடி ஏறினால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் மூச்சு வாங்கிவிடும்.

அடுத்தது குளிர். ஜூன், ஜூலை இரவுகளில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும், மலிவு அறைகளில் ஹீட்டர் அநேகமாக இருக்காது, அதனால் கூடுதல் கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குளியலறையில் ஷவர் தலையிலேயே மின்சாரக் கம்பி போவதைப் பார்த்து மிரளாதீர்கள், அங்கே அதுதான் வழக்கம். குழாயை முழுசாகத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வரும். மெல்லத் திறந்தால் தண்ணீர் சூடாகும், அளவு நூல் மாதிரி இருக்கும். ஈரக் கையோடு மட்டும் ஷவர் தலையைத் தொட வேண்டாம்.

வரவேற்பறையில் கோகா இலை (கொகெய்ன் எடுக்கும் செடியின் இலை) டீ கொடுப்பார்கள், குடிக்கலாம், ஆனால் வேலைக்காகப் போதைப்பொருள் பரிசோதனை இருக்கிறவர்கள் தவிர்ப்பது நல்லது. முதல் நாள் மது வேண்டாம், இரவு வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம். தலைவலி வரும், அது சகஜம். படுத்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ நடை தள்ளாடினாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.