சும்மா கிடக்கிற மெஷின்

கேள்வி: எனக்கு 43 வயது. திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். கலியாணமாகி 14 வருடம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. இருக்கிற ஒரே பொழுதுபோக்கு தூண்டில். வெள்ளியும் சனியும் பின்னேரம் ஐந்து மணிக்கு உட்துறைமுக வீதிக் கரைக்குப் போனால் ஒன்பது மணிக்கு வந்துவிடுவேன். பாரைக்குட்டி, விளை, ஓரா என்று ஏதாவது படும். சின்ன வயதில் மழை நாட்களில் அம்மா மீன் சொதி வைத்து, குழல் பிட்டு அவித்துத் தருவார். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. அம்மா காலமாகி 6 வருடம். என் மனைவிக்குச் சொந்த ஊர் தம்பலகாமம். முன்பெல்லாம் அவளும் செய்து தருவாள், ஆனால் அம்மாவின் பதம் வராது. நான் அதைச் சொல்வதும் உண்டு. இப்போது ஒரு வருடத்துக்கு மேலாக மீனைக் கண்டாலே அவள் முகம் மாறுகிறது. ஒரு தடவை ஓரா முள் விரலில் குத்தியதைச் சாட்டாகச் சொல்கிறாள். தூண்டில் சாமான்களால் வீட்டில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ரெஜிபோம் ஐஸ் பெட்டி, தங்கூசி நூல் சுருள் எல்லாவற்றையும் பின் விறாந்தையில் சும்மா கிடக்கிற, மாமனார் வாங்கித் தந்த அவளுடைய தையல் மெஷினுக்கு மேலேதான் அடுக்கி வைத்திருக்கிறேன். ஒரு மனிதனுக்கு ஒரு சின்னப் பொழுதுபோக்குக் கூடாதா? இதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: தம்பி, இடத்துக்காக உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் மீனைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அம்மாவின் சொதியைப் பற்றி இன்னொரு பக்கம். மெஷினைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த வரியைத் தாண்டி வரவில்லை.

"சும்மா கிடக்கிற" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தையல் மெஷின் தானாகச் சும்மா கிடக்காது. அதில் இருந்து தைத்தவர் எழும்பிப் போயிருக்க வேண்டும், திரும்பி வந்து இருக்க அவருக்கு நேரமோ இடமோ இல்லாமல் போயிருக்க வேண்டும். அது எந்த வருடம்? முதல் பிள்ளை பிறந்தபோதா, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகா? முன் அறையில் வெளிச்சத்தில் இருந்த மெஷினைப் பின் விறாந்தைக்குத் தள்ளியது யார்? கடைசியாக அவர் அதில் என்ன தைத்தார்? இதில் ஒன்றுக்காவது உங்களால் யோசிக்காமல் பதில் சொல்ல முடியுமா? நீங்கள் போன மாதம் பிடித்த மீனின் நிறையைக் கிராம் கணக்கில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

"யாருக்கும் இடைஞ்சல் இல்லை" என்பதும் உங்கள் வார்த்தைதான். மெஷின் அவருடையது என்று நீங்களே எழுதிவிட்டு, அதன் மேல் உங்கள் பெட்டியை ஏற்றியதை இடைஞ்சல் இல்லாததற்குச் சாட்சியாகவும் காட்டுகிறீர்கள். பெட்டியை வைக்க முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். அவர் உங்கள் தூண்டில் சாமான்களுக்கு மேல் ஊறுகாய்ப் போத்தல்களை அடுக்கியிருந்தால் அதற்கும் எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கும்.

பொழுதுபோக்குக் கூடாதா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. ஒருவர் புறா வளர்க்கிறார், ஒருவர் பழைய ரேடியோப் பெட்டி சேர்க்கிறார், ஒருவருக்குக் கேரம், இன்னொருவருக்குக் குரோட்டன் செடி. கடிதம் மாறும், கடைசிக் கேள்வி மாறாது. தாராளமாக இருக்கட்டும். கரையில் இருந்து தங்கூசியை விரலில் சுற்றிக்கொண்டு மீன் இழுக்கும் என்று காத்திருக்கிற அந்த அமைதி எனக்கும் தெரியும், என் அப்பாவும் தூண்டில்காரர்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கு ஒன்று பார்ப்போம். ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம், கிழமைக்கு 8, வருடத்துக்கு 400க்கு மேல். திருக்கடலூர்ப் பக்கத்துக் கடற்றொழிலாளிக்குக்கூட வாடை தொடங்கி வெளிக்கடல் கொந்தளித்தால் வீட்டில் இருக்க நாட்கள் கிடைக்கும். உங்களுக்கு அதுவும் இல்லை. எந்தக் காற்றுக்கும் உட்துறைமுகம் குளம் மாதிரித்தான் கிடக்கும், நீங்களும் பன்னிரண்டு மாதமும் போகலாம். அந்த 400 மணித்தியாலமும் உங்கள் மனைவி என்ன செய்கிறார்? வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் சைவச் சமையல் என்று வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சைவம் சமைத்து, விளக்கு வைத்து, பிள்ளைகளைப் படிக்க இருத்தி, சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, கழுவித் துடைத்த குசினிக்குள் ஒன்பது மணிக்கு வருகிற பச்சை மீனை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறார். செதில் எடுப்பதும் குடல் எடுப்பதும் அவர். சொதி வைப்பதும் அவர். "அம்மாவின் பதம் இல்லை" என்று கேட்டுக்கொள்வதும் அவர்தான்.

உங்களுக்குப் பொழுதுபோக்காக இருப்பது அந்த வீட்டில் அவருக்கு வேலையாக வந்து இறங்குகிறது. அவருக்குப் பொழுதுபோக்காகவும் பெருமையாகவும் இருந்த ஒன்று உங்கள் பெட்டியைத் தாங்கும் மேசையாகிவிட்டது.

அந்த ஓரா முள் விஷயத்துக்கு வருகிறேன். "சாட்டு" என்ற சொல்லைப் பாவித்ததற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டும். ஓராவின் முள்ளில் விஷம் இருக்கிறது. குத்தினால் கை முழுக்கக் கடுக்கும், வீங்கும். தூண்டில் போடுகிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. கை பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்து அதில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும் என்பதும் கரையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அன்று அந்த வெந்நீரை வைத்தது யார்? நீங்கள் வைத்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். தைக்கிற பெண்ணுக்கு விரல்தான் எல்லாம், தம்பி. துணியின் நெளிவைப் பிடிப்பதும் ஊசிக்கு நேரே தள்ளுவதும் அந்த விரல் நுனிதான்.

இனி மெஷினைப் பற்றி. நான் ஏன் இதில் இவ்வளவு நிற்கிறேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். சிங்கர் மெஷின் இலங்கைக்கு வந்தது 1877இல். அதற்குப் பிறகு எத்தனையோ தகப்பன்மார் தவணைக் காசு கட்டி, மகளைக் கட்டிக்கொடுக்கும்போது ஒரு மெஷினையும் சேர்த்து அனுப்பினார்கள். உங்கள் மாமனார் வாங்கித் தந்தது எந்தக் கம்பனி மெஷின் என்று எனக்குத் தெரியாது. வயல் ஊர்க்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு போகத்து நெல் விற்ற காசு அதற்குள் போயிருக்கும். நாளைக்கு என்ன வந்தாலும் என் பிள்ளை நாலு சட்டை தைத்தாவது நிமிர்ந்து நிற்கும் என்று நினைத்துத்தான் ஒரு தகப்பன் அதை அனுப்புகிறான்.

1990 ஆனியில் சண்டை தொடங்கி நாங்கள் திருகோணமலையை விட்டு வெளிக்கிட்டபோது என் அம்மா எடுத்துக்கொண்டது இரண்டு சாமான். ஒன்று உறுதிப் பத்திரங்கள் இருந்த தகரப்பெட்டி. மற்றது மெஷினின் தலை. காலைக் கழற்றி விட்டுவிட்டு இரும்புத் தலையை மட்டும் பழைய சேலையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாத பாரம். அப்பா "விட்டுட்டு வா" என்று கத்தினார். அம்மா விடவில்லை. போன இடத்தில் ஒரு பலகையில் அதைப் பொருத்தி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையால் துணியைத் தள்ளித் தைத்தார். எங்களுக்குப் பாண் வந்தது அந்தக் காசில். இரவில் குப்பி விளக்கடியில் அது ஓடுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு நித்திரை வரும். அம்மா விழித்திருக்கிறார் என்ற தைரியம்.

சரி, இப்போது உங்கள் அம்மாவின் சொதி. அம்மா போய் ஆறு வருடம் என்கிறீர்கள். மழை பெய்யும்போது அவர் நினைவு வரும், அந்த ருசி தேவைப்படும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் தாயின் கைப்பக்குவத்தைக் காப்பாற்றி வைக்கிற கடமை பெற்ற பிள்ளைக்குத்தான் முதலில் இருக்கிறது. அதை மருமகளின் தலையில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு தடவையும் ருசி பார்த்து மார்க் போடுவது நியாயமில்லை. அந்தச் சொதியை முப்பது வருடத்துக்கு மேல் சாப்பிட்டது உங்கள் நாக்கு. அவருடைய நாக்கு இல்லை. பதம் தெரிந்தவர் வைக்கட்டும்.

நீங்களே வையுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, இறம்பை இலைத் துண்டு ஒன்று. இவற்றை இரண்டாம் பாலில் அவியவிட்டு, பிறகு மீனைப் போடுங்கள். மீன் வெந்ததும் தலைப்பாலை விட்டு, மெதுவாகக் கலக்கிக்கொண்டு நில்லுங்கள். கொதிக்கவிட்டால் பால் திரைந்துவிடும், அந்த நேரத்தில் போனைப் பார்க்கக்கூடாது. இறக்கிய பிறகுதான் தேசிப்புளி. பிட்டுக்கு மா வறுத்ததாக இருக்கட்டும். சுடுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் கட்டிபட்டுவிடும். முதல் தடவை உங்களுக்கும் அம்மாவின் பதம் வராது. மூன்றாவது தடவையும் வராது. அப்போது உங்கள் மனைவி பதினான்கு வருடம் எந்த இடத்தில் நின்றார் என்று விளங்கும்.

இன்னொன்று. மழை நாளில் அவருக்கு என்ன சாப்பிடத் தோன்றும்? தம்பலகாமத்தில் வளர்ந்த பிள்ளை. எருமைத் தயிரும் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்த பிட்டாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். உங்கள் கடிதத்தில் உங்கள் சின்ன வயது இருக்கிறது. அவருக்கும் ஒரு சின்ன வயது இருந்தது என்பதற்கு அதில் அந்த மெஷினைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

பிள்ளைகளையும் மறக்கவேண்டாம். உங்கள் மகளுக்கு 12 வயது. அம்மாவின் சாமான் மேல் அப்பாவின் மீன் பெட்டி ஏறி நிற்பதை அவள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறாள். பெண்ணுடைய பொருளுக்கு ஒரு வீட்டில் எவ்வளவு இடம் என்பதை அவள் அந்த விறாந்தையில்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவள் போகும் வீட்டிலும் அதுதான் நியாயம் என்று நினைப்பாள். அதை நீங்கள் விரும்புகிறீர்களா?

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை, இதை அவர் வாசிப்பார் என்றால். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வருடம் இருந்திருக்க வேண்டாம், பிள்ளை. பெட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு, "இது என் அப்பா தந்தது" என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அது உங்கள் உரிமை.

தம்பி, வெள்ளிக்கிழமைத் தூண்டிலை நிறுத்துங்கள். அது பேரம் பேசுகிற விஷயமில்லை. பின்னேரம் அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போங்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளின் பாடத்தைப் பாருங்கள், அவர் தன் பாட்டில் இருக்கட்டும். சனிக்கிழமை போங்கள். பிடித்த மீனைக் கரையிலேயே செதில் எடுத்து, குடல் எடுத்து, கழுவிக்கொண்டு வாருங்கள். ஓராவின் முள்ளை அங்கேயே வெட்டி எறியுங்கள்.

பெட்டியை இன்றைக்கே இறக்குங்கள். அதற்கு அடியில் ஐஸ் தண்ணீர் வடிந்திருக்கும், அதுவும் மீன் கழுவிய உப்புத் தண்ணீர். நம்முடைய கடற்காற்றுக்கு இரும்பு ஏற்கெனவே தாங்காது, பலகையும் ஊதியிருக்கும். காய்ந்த துணியால் துடையுங்கள். தோல் வார் வெடித்திருந்தால் மாற்றவேண்டும். எண்ணெய் விடுவதென்றால் மெஷினுக்கென்று விற்கிற எண்ணெயை வாங்குங்கள், தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது உள்ளே பிசினாக இறுகிவிடும். ஊசி ஏறி இறங்காவிட்டால் பலவந்தம் பண்ணாமல் திருத்துகிறவரைக் கூப்பிடுங்கள். பிறகு இரண்டு பேராகத் தூக்கி, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் வையுங்கள். அங்கே இப்போது உங்கள் மோட்டார் சைக்கிளோ டிவியோ நின்றால் அது நகரட்டும்.

அதற்குப் பிறகு, "இனித் தையேன்" என்று சொல்லாதீர்கள். தைத்தால் இவ்வளவு காசு வரும் என்று கணக்கும் போட்டுக் காட்டாதீர்கள். தைப்பதா, சும்மா அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருப்பதா என்பது அவருடைய விருப்பம். நூல் வாங்க ஆசையாக இருந்தால் எந்த நிறம் என்று அவரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.